எடித் கேவெல் திரைப்படம்: பார்த்தவர்கள் பகிர்ந்துகொண்டவை

பாளையங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியப் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் பாடம் நடத்தியவள் நான். செவிலியத்தின் வரலாறு என்ற பாடத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. எடித் கேவெலுக்கு இரண்டு வரிதான். 'முதல் உலகப்போரில் பெல்ஜியத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஆங்கிலேயச் செவிலியர்' என்று வாசித்துவிட்டு, தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும் என்று மாணவிகளிடம் சொல்லி, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், என் மருமகள் கணினியில் தேடி எடுத்துத் தந்த 'நர்ஸ் எடித் கேவெல்' என்ற 1939ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இப்படியொரு பெண்மணி நின்றிருக்கிறார் என்பதை அறியாமலேயே அத்தனை ஆண்டுகள் பாடம் சொல்லியிருக்கிறேனே என்ற வருத்தத்தில் அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நம்மில் வேறு யாரேனும் இந்தப் படத்தைப் பார்த்திருந்தாலோ, அந்த அம்மையார் வாழ்ந்த இடங்களுக்குச் சென்றிருந்தாலோ, தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படத்தை இயக்கியவர் ஹெர்பர்ட் வில்காக்ஸ். கேவெலாக நடித்தவர் அன்னா நீகில். இதே இயக்குநர் 1928இல் 'டான்' என்ற பெயரில் இக்கதையை மௌனப் படமாக எடுத்து, சிபில் தோர்ன்டைக்கைக் கேவெலாக நடிக்க வைத்திருந்தார். பழைய பகையைக் கிளறும் என்று பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லினே அதனை எதிர்த்தார். தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்தது. பிறகு லண்டனின் உள்ளாட்சி அமைப்பான கவுண்டி கவுன்சில் தன் அதிகாரத்தைக் கொண்டு அனுமதித்ததால்தான் அது அந்நகரில் திரையேறியது. பதினோராண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனத்திற்காக அவர் அதனைப் பேசும் படமாக மீண்டும் எடுத்து முடித்த வேளையில், அடுத்த உலகப்போர் மூண்டுவிட்டது. ஜெர்மானியர்மீது வெறுப்பை ஊட்டும் படத்தை எதிர்பார்த்திருந்த காலத்தில், 'எவர்மீதும் வெறுப்பு வேண்டாம்' என்று சொல்லிச் சென்ற ஒருவரின் கதை திரைக்கு வந்தது.

கதை 1914இல், ஜெர்மானியர் கைப்பற்றிய பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கிறது. கேவெலுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் ஜெர்மானியரின் சிறையிலிருந்து தப்பி வந்து மருத்துவமனைக் கதவைத் தட்டுகிறான். அவனை ஒளித்துவைத்து, போரில் சேராத ஹாலந்துக்கு அனுப்புவதில் தொடங்குகிறது எல்லாம். பிறகு ஒரு பிரபு குடும்பத்துப் பெண்மணி, ஒரு மூதாட்டி, சரக்குப் படகுக்காரர் வீட்டுப் பெண் என்று வீட்டுப் பெண்களாகவே சேர்ந்து, தப்பி வரும் வீரர்கள் எல்லை கடக்க ஒரு பாதையை உருவாக்குகிறார்கள். இந்தப் பாத்திரங்கள் அப்படியே வரலாற்றில் இருந்தவர்கள் அல்லர். உண்மையில் அந்தக் குழுவில் இளவரசர் ரெஜினால்ட் த க்ரோய், அவருடைய தமக்கை மரீ, கட்டடக் கலைஞர் பிலிப் போக், ஆசிரியை லூயிஸ் துலியே, பொறியாளர் எர்மான் காப்பியோ போன்றோர் இருந்தனர். அவர்கள் வழியாக ஏறத்தாழ இருநூறு படைவீரர்கள் கேவெலின் கட்டடத்தில் தங்கி எல்லை கடந்தார்கள்.

ஒரு செவிலியராக என்னை இழுத்துப் பிடித்தது வீரச் செயல்கள் அல்ல. ஒளித்துவைப்பதையும் அவர் வார்டு வேலை போலவே செய்கிறார். படுக்கை உண்டா, காயத்திற்குக் கட்டு மாற்றியாயிற்றா, இவன் எப்போது நடக்கும் நிலைக்கு வருவான் என்ற கேள்விகள்தாம் அவர் முகத்தில் ஓடுகின்றன. அன்னா நீகில் குரலை உயர்த்துவதே இல்லை. தோளை நிமிர்த்தி, கைகளைக் கோத்து நிற்கும் அந்த நிலையைக் கண்டபோது, எனக்குப் பயிற்சி தந்த மேட்ரன் அம்மாவே வார்டு வாசலில் வந்து நிற்பது போல் இருந்தது.

படம் பார்த்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். கேவெல் 1865 டிசம்பர் 4ஆம் நாள் இங்கிலாந்தின் நார்போக் பகுதியிலுள்ள ஸ்வார்டெஸ்டன் என்ற சிற்றூரில் குருவானவர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தவர். பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு, முப்பது வயதில்தான் லண்டன் மருத்துவமனையில் செவிலியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1907இல் அறுவை மருத்துவர் அந்துவான் டெபாஜ் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய செவிலியர் பள்ளிக்கு அவரையே தலைவியாக அழைத்தார். அதுவரை பெல்ஜியத்தில் நோயாளிகளைப் பெரும்பாலும் கன்னியாஸ்திரீகள்தாம் கவனித்து வந்தனர். நல்ல குடும்பத்துப் பெண் சம்பளத்திற்கு வேலை செய்வது இழிவு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. 'நர்ஸ் வேலைக்கா மகளை அனுப்புகிறீர்கள்' என்று என் தந்தையிடம் உறவினர்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. ஆகவே இந்த ஒரு செய்தி எனக்கு வெறும் தகவலாகத் தோன்றவில்லை.

படத்தைக் காட்டிலும் உண்மை கடுமையானது என்று நான் கருதும் இடம் ஒன்று உண்டு. 1915 ஆகஸ்டு 5ஆம் நாள் கைது செய்யப்பட்ட கேவெல், விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. தாம் அனுப்பிய வீரர்களுள் சிலர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் தமக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள் என்பதைக்கூட ஒப்புக்கொண்டார். அவர்கள் எதிரி நாட்டைச் சென்றடைந்தார்கள் என்பதற்கு அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பொய் சொல்லியிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் நோயாளியின் அட்டவணையில் தவறான எண்ணை ஒருநாளும் எழுதக் கூடாது என்று கற்பிப்போம். காய்ச்சல் பார்க்க மறந்துவிட்டால் மறந்துவிட்டேன் என்று சொல், கற்பனையாக ஓர் எண்ணை நிரப்பாதே என்று அடித்துச் சொல்வோம். அந்தப் பழக்கம் நீதிமன்றத்திலும் அவரை விட்டுப் போகவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அக்டோபர் 11ஆம் நாள் மாலையில் மரண தண்டனைத் தீர்ப்பு. அன்று இரவு, அப்போது போரில் சேராதிருந்த அமெரிக்காவின் தூதரகச் செயலர் ஹியூ கிப்சனும், ஸ்பெயின் தூதர் வில்லலோபாரும், தூதரகச் சட்ட ஆலோசகர் த லெவாலும் ஜெர்மானிய அதிகாரியான பாரன் லாங்கனைத் தேடிச் சென்றார்கள். அமெரிக்கத் தூதர் பிராண்ட் விட்லாக் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். லாங்கன் நாடகம் பார்க்கப் போயிருந்தார். ஆள் அனுப்பி அழைத்துவரச் செய்து நள்ளிரவுவரை மன்றாடியும், படைத்துறை ஆளுநர் சாபர்ட்ஸ்வைக் மனம் மாறவில்லை.

அதே வேளையில் சேன் ஜீல் சிறையில் ஆங்கிலிக்கன் குருவானவர் ஸ்டர்லிங் கேஹன் கேவெலுக்குத் திருவிருந்து வழங்கினார். இருவரும் சேர்ந்து ஒரு மாலைப் பாட்டின் அடிகளைச் சொன்னார்கள் என்று கேஹன் எழுதிவைத்திருக்கிறார். அது நம்முடைய பாமாலையிலும் தமிழில் உள்ள 'என்னோடிரும்' என்ற பாட்டுத்தான். ஞாயிறு மாலை ஆராதனையில் சிறு வயதுமுதல் பாடி வந்த பாட்டு, அந்தச் சிறையறையில் அந்த இரவில் சொல்லப்பட்டது என்று அறிந்தபின், சென்ற மாதம் கோயிலில் அதைத் தொடங்கியபோது எனக்கு இரண்டாம் சரணத்திற்குமேல் குரல் எழவில்லை.


நாரிச் நகரில் பணிபுரியும் செவிலியர்:

வணக்கம் அம்மா. தங்கள் பதிவைப் பணி முடிந்து பேருந்தில் வரும்போது படித்தேன். நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவள். இங்கே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தாங்கள் குறிப்பிடும் ஸ்வார்டெஸ்டன் என் வீட்டிலிருந்து சில மைல் தொலைவுதான்; கேவெலின் கல்லறை இந்நகரத்துப் பேராலயத்தின் வெளிப்புறத்தில், லைப்ஸ் கிரீன் என்று சொல்லப்படும் புல்வெளியில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும், அவர் சுடப்பட்ட அக்டோபர் 12ஆம் நாளை ஒட்டி அங்கே நினைவு வழிபாடு நடைபெறும். செவிலியர்கள் சீருடையோடு வந்து நிற்பார்கள்.

நான் முதன்முதலாக அங்கே சென்றது பக்தியினால் அல்ல. ஒரு குளிர்காலத்தில், புதிதாகச் சேர்ந்த இளம் செவிலியர் ஒருவர் மருந்து கொடுக்கும் நேரத்தைத் தவறவிட்டதற்காக நான் அவரைப் பிறர் முன்னிலையில் கடுமையாகப் பேசிவிட்டேன். தவறு அவருடையதுதான் என்றாலும், அவர் பொருள் வைக்கும் அறையில் போய் அழுதார் என்று பிறகு தெரியவந்தது. எனக்கும் மனம் சரியில்லை. மறுநாள் விடுமுறை, எங்கே போவதென்று தெரியாமல் நடந்தபோது பேராலய வாயிலுக்கு வெளியே டாம்ப்லாந்தில் நிற்கும் கேவெலின் சிலையைக் கண்டு, கல்லறை எங்கே என்று கேட்டு உள்ளே போனேன். எளிமையான கல். அன்று அங்கே என்னைத் தவிர வேறு எவருமில்லை. ஈரப் புல்லில் என் காலணி நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அன்று இரவே அந்தப் படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆண்டனி காலின்ஸின் இசை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது என்பதிலும் வியப்பில்லை. ஆனால் அம்மா, ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அன்னா நீகிலுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. சுடப்பட்டபோது கேவெலுக்கு நாற்பத்தொன்பது. தலைமுடி நரைத்த, மிகவும் கண்டிப்பான பெண்மணி. காலை உணவு மேசையில் தம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்காருவாராம். இரண்டு நிமிடத்திற்குமேல் தாமதமாக வருகிற மாணவி இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய வேண்டுமாம். திரையில் உள்ள கேவெல் எல்லாரிடமும் கனிவாகவே இருக்கிறார். அந்தக் கடிகாரத்தையும் காட்டியிருந்தால் அவர் இன்னும் நமக்கு நெருக்கமானவராக ஆகியிருப்பார் என்பது என் எண்ணம்.

காரணம், அவர் சிறையிலிருந்து தம் செவிலியர்களுக்கு எழுதிய கடைசிக் கடிதம். அக்டோபர் 10ஆம் நாள், அதாவது தீர்ப்புக்கு முந்தைய நாள் எழுதியது. அதில் போரைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ அவர் பெரிதாகப் பேசவில்லை. உங்களுள் எவருக்கேனும் என்மீது மனக்குறை இருந்தால் மன்னித்துவிடுங்கள். சில வேளைகளில் நான் மிகையாகக் கண்டித்திருக்கலாம், ஆனால் அறிந்தே அநீதி செய்ததில்லை. நீங்கள் நினைத்ததைக் காட்டிலும் உங்கள் எல்லார்மீதும் அன்பு வைத்திருந்தேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அதைப் படித்து முடித்தபோது நேரம் இரவு ஒன்று. காலைப் பணிக்குச் சென்றவுடன் அந்த இளம் செவிலியரைத் தேடிப்போய், எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததால் எல்லார் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், 'பரவாயில்லை சிஸ்டர்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவர் என் பிரிவிலேயே மிகக் கவனமாக மருந்து கொடுப்பவர்.


இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர்:

இரு சகோதரியரும் எழுதியது மனத்தைத் தொட்டது. நானும் இப்படத்தைப் பார்த்திருக்கிறேன். படத்தின்மீதும் அந்த அம்மையார்மீதும் எனக்குள்ள மரியாதை சிறிதும் குறையாமல், படம் பேசாத ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

செஞ்சிலுவைக் கொடியின்கீழ் இயங்கும் மருத்துவமனைக்கும் அதன் பணியாளர்களுக்கும் போர்க்களத்தில் பாதுகாப்பு உண்டு; ஆனால் அந்தப் பாதுகாப்பு நோயாளியைப் பேணுகிற வரையில்தான். நலமடைந்த படைவீரனுக்குப் போலி அடையாளச் சீட்டும் வழிச்செலவும் கொடுத்து எல்லை தாண்டி அனுப்பினால், அவன் மீண்டும் துப்பாக்கி ஏந்துவான் என்பதால், ஜெர்மானியப் படைச் சட்டப்படி அது எதிரிக்கு ஆள் சேர்த்த குற்றமாகிறது. கேவெல்மீது வேவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்படவில்லை. எனினும் அந்தக் குழுவினர் சிலர் படைநடமாட்டச் செய்திகளையும் மறைவாக அனுப்பி வந்ததற்கான ஆவணங்களைப் பெல்ஜிய ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்து, பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஸ்டெல்லா ரிமிங்டன் 2015இல் வெளிப்படுத்தினார்.

இதைச் சொல்வதால் அவருடைய உயரம் குறையவில்லை. தமக்கு என்ன நேரும் என்று அறியாத அப்பாவியாக அவர் சிக்கிக்கொள்ளவில்லை. எல்லாம் தெரிந்தே கதவைத் திறந்தார். மரணத்தைப் பலமுறை கண்டவள் என்பதால் அது எனக்குப் புதிதுமில்லை, அச்சமுமில்லை என்று குருவானவரிடம் சொன்னவர் அவர்.

அவர் இறந்த பிறகு நடந்ததுதான் எனக்கு வேதனையளிப்பது. சீருடையில் மயங்கி விழுந்து கிடக்கும் ஓர் இளம்பெண்ணை ஜெர்மானிய அதிகாரி கைத்துப்பாக்கியால் சுடுவதாக அஞ்சலட்டைகளும் சுவரொட்டிகளும் அச்சிட்டு, பிரிட்டனில் படைக்கு ஆள் சேர்த்தார்கள். அப்படி நடக்கவே இல்லை. பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியிலுள்ள தேசியத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அவரும் பிலிப் போக்கும் அருகருகே கம்பங்களில் நிறுத்தப்பட்டு, படையணியால் சுடப்பட்டார்கள். உடனிருந்த ஜெர்மானியப் போதகர் லெ சோர் பிற்காலத்தில் அளித்த சாட்சியம் அந்தக் கட்டுக்கதைகளை மறுக்கிறது. எவரையும் வெறுக்க மாட்டேன் என்றவரின் பெயரால் வெறுப்பை வளர்த்ததைப் போர்க்காலத்துப் பெரும் பிழைகளுள் ஒன்றாக நான் எண்ணுகிறேன். 1939ஆம் ஆண்டுப் படம் அந்தப் பிழையிலிருந்து பெருமளவு விலகி நிற்பது அதன் சிறப்பு.


யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தாதி, தற்போது லண்டன்:

ஐயா எழுதியதை வாசித்த பிறகு நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை. டிரபால்கர் சதுக்கத்திற்குப் பக்கத்தில், புனித மார்ட்டின் இடம் என்று சொல்லப்படும் தெருமுனையில் கேவெலின் பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது. சிற்பி ஜார்ஜ் பிராம்ப்டன் செதுக்கியது. 1920 மார்ச்சில் அரசி அலெக்ஸாண்ட்ரா திறந்துவைத்தார். உச்சியில் மனிதநேயம், கீழே மனவுறுதி, பக்தி, தியாகம் என்ற சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவர் கடைசி இரவில் சொன்ன வார்த்தைகள் தொடக்கத்தில் அந்தக் கல்லில் இருக்கவில்லை. 'நாட்டுப்பற்று மட்டும் போதாது. எவர்மீதும் எனக்கு வெறுப்போ கசப்போ இருக்கக் கூடாது' என்ற அந்த வாக்கியம், 1924இல்தான் அடியில் சேர்க்கப்பட்டது. போரில் வென்ற நாடு அந்த வாக்கியத்தைக் கல்லில் எழுதத் துணிவதற்கு இன்னும் நாலு ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இந்தப் படத்தை நான் என் மகளோடு இருந்து பார்த்தேன். மகள் இங்கே பிறந்தவள். தப்பி வந்த பிள்ளையைக் கேவெல் உள்ளே எடுக்கும் கட்டத்தில், 'அம்மா, நீங்களும் இப்படி யாரையும் ஒளிச்சு வச்சிருக்கிறீங்களா?' என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் படம் முடிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து, கைப்பைகளோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நான் பயிற்சியில் இருந்த தாதி. மழை. வீதி முழுக்கத் தலைகள். பின்னர் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளை ஒன்றாகச் சேர்த்துப்போட்டு நோயாளரைக் கிடத்தினோம். அங்கே ஒருநாள் இரவு, தொடையில் காயத்தோடு ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். பெயர் கேட்டபோது அவன் சொல்லத் தயங்கினான். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று நான் பெரிய தாதியிடம் கேட்டேன். அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, 'ஆண், இருபது வயது, வலது தொடை' என்று மட்டும் எழுதிவிட்டு, சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் எந்தப் பக்கத்தவன், வெறும் வழிப்போக்கனா, எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. விடிவதற்கு முன்னர் யாரோ வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரஸ்ஸல்ஸ் நகரம் 1914 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஜெர்மானியர் கையில் விழுந்தபோது, கேவெலின் வைத்தியசாலை செஞ்சிலுவை நிலையமாக இருந்தது. காயப்பட்டு வருகிற எவரையும், ஜெர்மானியர் என்றாலும், வேறுபாடின்றிக் கவனிக்க வேண்டும், ஒவ்வொருவனும் யாரோ ஒருத்தியின் கணவனோ பிள்ளையோ என்று தம் தாதியருக்கு அவர் சொல்லியிருந்தார். ஐயா சொல்லும் சட்டம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், காலில் காயத்தோடு ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும் அவரோடு ஒரு சார்ஜன்டும் இரவில் வந்து நின்றபோது, கட்டுப் போட்டுவிட்டு வெளியே போ என்று எந்தத் தாதியால் சொல்ல முடியும்? வெளியே போனால் பிடிபடுவார்கள், ஒளித்துவைத்தவருக்கும் தண்டனை. காயத்தைக் கவனிப்பது எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் எது தொடங்குகிறது என்று ஒரு கோட்டைக் கீறுவது தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் இலகு. பெரிய தாதி எழுதாமல் விட்ட அந்தப் பெயரை நினைத்து நான் இதை எழுதுகிறேன். அவர் இப்போது இல்லை.


பிரஸ்ஸல்ஸில் பணி நிமித்தம் தங்கியிருக்கும் கணினிப் பொறியாளர்:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இருந்தாலும் இவ்வுரையாடலைப் படித்துவிட்டுச் சென்ற சனிக்கிழமை ஸ்கார்பேக்கிற்குச் சென்றுவந்தேன். பழைய துப்பாக்கிப் பயிற்சித் திடல் இருந்த இடத்தில் இப்போது வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சுடப்பட்டவர்களின் வளாகம் என்ற சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டு உலகப்போர்களிலும் அங்கே கொல்லப்பட்டவர்களுக்கான இடம் அது. கேவெலின் பெயரும் போக்கின் பெயரும் ஒரே பலகையில் இருப்பதைக் கண்டேன். உக்கிள் பகுதியில் கேவெல் பெயரால் ஒரு தெருவும், அதனருகே டெபாஜின் மனைவி மரீ டெபாஜ் பெயரால் ஒரு தெருவும் உள்ளன. மரீ டெபாஜ் பெல்ஜிய மருத்துவமனைக்கு அமெரிக்காவில் நிதி திரட்டிவிட்டுத் திரும்பும் வழியில், 1915 மே 7ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்ட லூசிட்டானியா கப்பலில் இறந்தவர். பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் டெபாஜ் அந்த ஒரே ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில், மனைவியையும் தம் பள்ளியின் தலைவியையும் இழந்திருக்கிறார் என்பது அந்தத் தெருமுனையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.


பாளையங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியப் பயிற்றுநர்:

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. கோயம்புத்தூர் ஐயா அவர்களே, சட்டத்தைப் பற்றித் தாங்கள் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன்; மறுபடி பார்க்கும்போது நீதிமன்றக் காட்சியை அந்தக் கண்ணோடு பார்ப்பேன். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் ஐவர். போப்பாண்டவரும் ஸ்பெயின் மன்னர் அல்போன்சோவும் தலையிட்டதால் மற்ற மூவரின் தண்டனை குறைக்கப்பட்டது. அப்படித் தலையிட ஒருநாள்கூட அவகாசம் தராமல் கேவெலையும் போக்கையும் மறுநாள் விடியலிலேயே சுட்டுவிட்டார்கள். சட்டம் தன் வழியில் சென்றது என்றாலும், அந்த அவசரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

லண்டன் தங்கையே, தங்கள் பெரிய தாதி எழுதிய அந்த ஒரு வரியை நான் என் குறிப்பேட்டில் எடுத்து எழுதிவைத்துக்கொண்டேன். கேவெலைத் 'தியாகியாக இறந்தவர் என்றும் வீராங்கனை என்றும் நினைவுகூர்வோம்' என்று குருவானவர் சொன்னபோது, அப்படி நினைக்க வேண்டாம், தன் கடமையைச் செய்ய முயன்ற ஒரு செவிலியர் என்று மட்டும் நினையுங்கள் என்றுதான் அவரும் பதில் சொன்னார். தங்கள் பெரிய தாதியைப் பற்றி மேலும் எழுத முடிந்தால் எழுதுங்கள்.

நாரிச் மகளே, உன் பதிவைப் படித்துவிட்டு, பல ஆண்டுகளுக்குமுன் என்னிடம் படித்த ஒரு மாணவியின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தேன். எதற்கு என்று நீ அறிவாய். நாளை காலை பேசப்போகிறேன்.


நாரிச் நகரில் பணிபுரியும் செவிலியர்:

பேசுங்கள் அம்மா. அவர்கள் நிச்சயம் மகிழ்வார்கள்.

லண்டன் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற அக்டோபர் நினைவு வழிபாட்டிற்கு மகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வாருங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். 1919 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில் வழிபாடு முடிந்ததும், கேவெலின் உடல் இருந்த பெட்டியைத் தனி ரயிலில் ஏற்றி, அதே லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து அதே தடத்தில்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நான் நிலையத்தில் வந்து நிற்கிறேன். சாப்பாடு என் வீட்டில்.


யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தாதி, தற்போது லண்டன்:

கட்டாயம் வருகிறோம் தங்கச்சி. அந்த வாரம் இரவுக் கடமை வேண்டாம் என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.